பழைய காரில் ஊறிப்போன சிகரெட் நாற்றம்: கற்பூரம் வைத்தால் போகுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டது:

"பத்து வருடப் பழைய கார் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பார்க்கப் போன அன்றைக்கு ஏசி ஓடிக்கொண்டிருந்தது, எலுமிச்சை வாசனை தூக்கலாக இருந்தது. இப்போது காலையில் கதவைத் திறந்தால் சிகரெட் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. வீட்டில் முழுகாமல் இருக்கிறார், ஆறாவது மாதம். ஏறி உட்கார்ந்தாலே குமட்டுகிறது என்கிறார். டேஷ்போர்டில் கற்பூரம் வைத்தால் பத்து நாளில் போய்விடும் என்கிறார்கள். போகுமா?"

மார்ச் 10, 2024

போகாது தம்பி. கற்பூரம் தன் வாசனையைக் கொண்டுவந்து மேலே போடும், அவ்வளவுதான். அடியில் இருக்கிறது இருந்த இடத்திலேயே இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் இரண்டும் கலந்து வந்தால் குமட்டல் இன்னும் அதிகமாகும். அந்த எலுமிச்சை டப்பாவையும் இன்றைக்கே எடுத்து வெளியே போடுங்கள். அது இருக்கும்வரை எது போயிருக்கிறது, எது போகவில்லை என்று மூக்குக்குத் தெரியாது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய வெள்ளை பனியன் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முன் கண்ணாடியின் உள்பக்கத்தை ஸ்டீயரிங்குக்கு நேராக ஒரு கை அகலத்துக்குத் துடையுங்கள். துணியில் டீ டிகாஷன் மாதிரி மஞ்சள் ஏறினால் உங்கள் நாற்றம் அதுதான். நாற்றம் காற்றில் இல்லை. புகையில் இருந்த தாரும் நிக்கோட்டினும் கண்ணாடி, பிளாஸ்டிக், ரூஃப் துணி, சீட் பஞ்சு எல்லாவற்றிலும் பிசுக்காக ஒட்டிக்கொண்டு, வெயில் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியே வருகின்றன. ஜன்னலைத் திறந்து வைத்தால் வந்த ஆவி போகும், பிசுக்கு போகாது. மறுநாள் காலையில் திரும்ப வரும்.

நான் இருப்பது திருவொற்றியூர் தேரடிப் பக்கம். 2022இல் ஒரு ஸ்விஃப்ட் வாங்கி இதே அவஸ்தையைப் பட்டேன். என் பெண்ணுக்கு வீசிங் உண்டு. இரண்டு வார இறுதி உழைத்தால் போதும், எண்பது சதவீதம் போய்விடும். விவரமாக நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 11, 2024

வேலையை எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் முக்கியம். எல்லோரும் சீட்டில் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் புகை மேலே போகிற பொருள். ஓட்டுகிறவர் ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் பிடித்திருப்பார், அதனால் அவர் தலைக்கு மேலே இருக்கிற ரூஃப் துணி, வலது பக்கக் கதவின் மேல் ரப்பர், சீட் பெல்ட் தொங்குகிற தூண், சன் வைசர், இந்த நான்கிலும்தான் அதிகம் ஏறியிருக்கும். கண்ணாடி, பிளாஸ்டிக் முதலில். அப்புறம் பெல்ட். அப்புறம் சீட்டும் கார்ப்பெட்டும். ரூஃப் கடைசியில், அதுவும் பயந்து பயந்து.

கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. மியூசிக் சிஸ்டம் திரையில் மட்டும் படவிடாதீர்கள். சீட்டில் ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, அதன் மேலேயே வினிகர்த் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்து எடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தையும் பாருங்கள், அந்தக் கார்ப்பெட்டை யாரும் தூக்கியே பார்த்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 12, 2024

வினிகர் ஏன் என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார், சோப்பு போதாதா என்று. காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வஞ்சிரமோ சங்கராவோ, கழுவும்போது புளித்தண்ணீர் ஊற்றுகிறோம், கைக்கு எலுமிச்சைத் தோல் தேய்க்கிறோம். மீன் கவிச்சிக்குக் காரணமான பொருள் காரத்தன்மை கொண்டது, புளியின் அமிலம் பட்டதும் அது உப்பாக மாறி ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடுகிறது. நிக்கோட்டினும் காரத்தன்மை உள்ளதுதான். வினிகரின் அமிலம் அதையும் தண்ணீரில் கரைகிற உப்பாக மாற்றிவிடும். தாருக்கு இது பலிக்காது, அதற்கு சோப்புதான். ஆக இரண்டும் வேண்டும், முதலில் சோப்பு, பிறகு வினிகர்.

மீன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் டிக்கியில் வைத்த பையிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகிக் கார்ப்பெட்டில் இறங்கிவிட்டது. அது ஒரே நாளில் போய்விட்டது, புளியைக் கரைத்து வடிகட்டி ஊற்றித் துடைத்தேன், வெயிலில் காயவைத்தேன், முடிந்தது. சிகரெட் இப்படிப் போவதில்லை. மீன் தண்ணீர் ஒரு இடத்தில் கொட்டுகிறது. புகை வருடக்கணக்கில் எல்லா இடத்திலும் படிகிறது.

மார்ச் 14, 2024

முந்தாநாளைக்கு முந்தின நாள் நான் எழுதியதில் ஒரு தவறு. ஆப்ப சோடாவின் மேலேயே வினிகரைத் தெளிக்கச் சொன்னேன். நுரை பொங்கும், பார்க்க ஏதோ பெரிய வேலை நடப்பது மாதிரி இருக்கும். ஆனால் சோடா காரம், வினிகர் அமிலம், ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்தான். நான் 2022இல் அப்படித்தான் செய்தேன், நல்லா இருந்தது என்று நினைத்தேன், உண்மையில் தேய்த்ததும் தண்ணீரை உறிஞ்சி எடுத்ததும்தான் நல்லது செய்திருக்கின்றன. சரி, இப்படிச் செய்யுங்கள்: சோடாவைக் காய்ந்த சீட்டில் தூவி, ஒரு ராத்திரி விட்டு, வேக்வம் கிளீனரால் முழுக்க உறிஞ்சி எடுங்கள். அது முடிந்து வேறு நாளில் சோப்பு, வினிகர்.

மார்ச் 17, 2024, ஞாயிறு

இன்றைக்குத் தம்பி வண்டியை எங்கள் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார். காலை ஏழரைக்கு ஆரம்பித்தோம், முடிக்கும்போது மூன்று மணி.

சீட்டைக் கழற்றலாம் என்று அவர் சொன்னார், நான் வேண்டாம் என்றேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தெரியாமல் கை வைக்கக் கூடாது. என் வண்டியில் மெக்கானிக் பாய்தான் பேட்டரியைக் கழற்றிவைத்துக் கொஞ்ச நேரம் விட்டுச் செய்தார். நாங்கள் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, அப்புறம் முழுக்கப் பின்னால் தள்ளி, இரண்டு பக்கமும் வேக்வம் போட்டோம். சீட் ஓடுகிற தண்டவாளத்துக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் ஒரு பிடி சாம்பல் இருந்தது, அதில் நசுங்கின ஃபில்டர் துண்டுகள் நான்கு. வாங்கும்போது யாரும் அங்கே பார்ப்பதில்லை.

பெல்ட்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஓட்டுநர் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, திரும்ப உள்ளே ஓடாதபடி மேலே ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்து, தொங்குகிற நாடாவை வாளியில் வெந்நீரும் கொஞ்சம் ஷாம்பூவும் போட்டு ஊறவைத்தோம். ஐந்து நிமிடத்தில் தண்ணீரின் நிறம் மாற ஆரம்பித்தது. பத்தாவது நிமிடத்தில் வரக்காப்பி. தம்பி வாளிக்குள் பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "இதே மாதிரி பெல்ட்டைத்தானே அண்ணா அவள் நெஞ்சு மேல போட்டுக்கிட்டு வந்தா" என்றார். மூன்று வாளி மாற்றினோம். மூன்றாவதில்தான் தண்ணீர் வெளுத்தது. பிளீச் எதையும் பெல்ட்டில் போடாதீர்கள், நாடாவின் பலம் குறையும். முழுக்கக் காயாமல் உள்ளே சுருளவும் விடாதீர்கள், பூஞ்சை பிடித்து வேறு நாற்றம் வரும்.

மார்ச் 18, 2024

நேற்றைய வேலைக்குப் பிறகும் ஏசி போட்டவுடன் முதல் ஒரு நிமிடம் நாற்றம் அடிக்கிறது என்று தம்பி போன் செய்தார். எதிர்பார்த்ததுதான். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்துக்கொண்டு புகை பிடித்திருப்பார்கள், அந்தப் புகை முழுக்க திரும்பத் திரும்ப ப்ளோயர் வழியாக கூலிங் காயில் (ஏசிக் காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருள்) மேலே போயிருக்கும். காயில் எப்போதும் ஈரம், அதில் பிசுக்கு ஒட்டும், தூசு ஒட்டும்.

முதலில் கேபின் ஃபில்டர், ஏசிக் காற்றை வடிகட்டுகிறது. பல வண்டிகளில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே எடுக்கலாம். சில விலை குறைந்த மாடல்களில் ஃபில்டருக்கு இடம் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அப்படி இருந்தால் எல்லாம் நேராகக் காயிலுக்குத்தான் போயிருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் உங்கள் மாடலைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். கார்பன் கலந்ததாகக் கேளுங்கள், கறுப்புத் தூள் ஓடின மாதிரி இருக்கும். ஆனால் புதியதை உடனே போடாதீர்கள். காயிலைக் கழுவுகிற நுரை ஸ்ப்ரேயை ஃபில்டர் இருக்கிற வழியாக அடித்து, அரை மணி நேரம் விட்டு, வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டுகிற குழாயில் என்ன வருகிறது என்று பாருங்கள். என் வண்டியில் பழுப்பாக வந்தது. அது தெளிந்த பிறகு புது ஃபில்டர்.

மார்ச் 24, 2024

ரூஃப் துணி. இதில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022இல் ஒரு வாஷ் கடையில் கொடுத்தேன். உள்ளே முழுக்க நுரை போட்டுக் கழுவித் தருகிறோம் என்றார்கள், நல்ல காசும் வாங்கினார்கள். ரூஃபில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பிரஷ் போட்டிருக்கிறார்கள். நான்கு நாள் கழித்துப் பின்பக்கம் துணி தொங்க ஆரம்பித்தது. மே மாதம் வருவதற்குள் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களின் தலையில் இடித்தது. அந்தத் துணி மெல்லிய பஞ்சின் மேல் ஒட்டி, பஞ்சு அட்டையில் ஒட்டியிருக்கும். ஈரம் ஊறினால் பஞ்சும் பசையும் விட்டுப்போகும். புதுத் துணி மாற்ற இன்னொரு செலவு. கடையில் கேட்டால் பழைய வண்டி, அப்படித்தான் ஆகும் என்றார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் என்னிடம் காசு வாங்கியவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அதனால் நேற்று தம்பி வண்டியில் இப்படிச் செய்தோம். நுரையைத் துணியில் எடுத்து, பிழிந்து, ரூஃபில் ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை. ஒரு முறைக்கு ஒரு உள்ளங்கை அளவு இடம். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு தோசைக்கல் அளவுக்குப் பழுப்பு வட்டம் இருந்தது, அது முழுசாகப் போகவில்லை, இளம் மஞ்சளாக நிற்கிறது. இன்னொரு முறை செய்யலாமா என்று அவர் கேட்டார். ஒரு வாரம் காயட்டும் என்றேன்.

ஏப்ரல் 2, 2024

ஓசோன் மெஷின் வைத்தால் ஒரே நாளில் போகும் என்று இங்கே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் செய்ததில்லை, என் நண்பர் வியாசர்பாடியில் செய்தார். ஓசோன் வேலை செய்யும், நாற்றம் தருகிற மூலக்கூறுகளை உடைக்கும். ஆனால் பிசுக்கைத் துடைக்காமல் வைத்தால் மேலே இருப்பதைத்தான் தொடும், அடியில் இருப்பது மறுபடி மேலே வரும். அவருக்கு ஆறு வாரத்தில் திரும்ப வந்தது. நிக்கோட்டினோடு ஓசோன் சேர்ந்தால் வேறு புதுப் பொருட்களும் நுண்துகள்களும் உண்டாகின்றன. ரப்பரிலும் அது வெடிப்பு விழவைக்கும். மெஷின் ஓடும்போது வண்டிக்குள் யாரும் இருக்கவே கூடாது, முடிந்த பிறகு நான்கு கதவையும் திறந்து மணிக்கணக்கில் விட வேண்டும். வீட்டில் முழுகாமல் இருக்கும்போது இது வேண்டாம், என் முடிவு அதுதான்.

வெறும் நாற்றம்தானே, இதற்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். 2010இல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பரப்புகளில் படிந்த நிக்கோட்டின், காற்றில் இருக்கிற நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்று காட்டினார்கள். அதிகமாகப் புகைக்கிற ஒருவரின் வண்டிக்குள்ளேயே அவற்றை அளந்து பார்த்தார்கள், இருந்தன. நைட்ரஸ் அமிலம் வண்டிப் புகையிலிருந்தும் வருகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போகிற நமக்கு அது எவ்வளவு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழந்தை தவழ்ந்து, சீட்டைப் பிடித்து நின்று, அந்தக் கையை வாயில் வைக்கும். இவ்வளவு எழுதுவது அதற்காகத்தான்.

ஏப்ரல் 3, 2024

நேற்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

என் அப்பா ராயபுரத்தில் மூட்டை தூக்கினார், பீடி பிடிப்பார். ராத்திரி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், அந்தச் சட்டைக்குக் கீழேதான் என் பாய். அந்த வாசனை எனக்கு நாற்றமாகவே பட்டதில்லை, அப்பா வந்துவிட்டார் என்றுதான் பட்டிருக்கிறது. நான் ஸ்விஃப்டைப் பார்க்கப் போனபோது எனக்கு ஒன்றுமே உறைக்காததற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். பர்ஃப்யூம் ஒரு காரணம், என் மூக்கு இன்னொரு காரணம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெண் ஏறி உட்கார்ந்து, "அப்பா, இங்க யாரோ இருந்தாங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்கு: புகைப் பழக்கம் இல்லாத வீட்டில் வளர்ந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், குழந்தையாக இருந்தாலும் சரி. ராத்திரி முழுக்க மூடியிருந்த வண்டியைக் காலையில் முதல் ஆளாகத் திறந்து பாருங்கள். போவதற்கு முன்னால் ஏசி போட்டு வைத்திருந்தால் அணைக்கச் சொல்லி, கால் மணி நேரம் மூடிவைத்துவிட்டுத் திறங்கள். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மோந்து பாருங்கள். சீட்டைக் கழுவி விற்கிறவர்கள் பெல்ட்டின் அடி நாடாவைக் கழுவுவதில்லை.

மே 9, 2024

கத்திரி வெயில். தம்பி, இந்த மூன்று வாரத்தை விடாதீர்கள். தினமும் மதியம் இரண்டு மணி நேரம் வண்டியை மூடி வெயிலில் நிறுத்துங்கள். உள்ளே ஐம்பது டிகிரியைத் தாண்டும், பஞ்சுக்குள் ஒளிந்திருப்பது ஆவியாகி வெளியே வரும். அப்புறம் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். மூடிவைப்பது மட்டும் செய்தால் பயனில்லை, வெளியே வந்தது குளிர்ந்ததும் திரும்ப அங்கேயே படியும்.

கரி வைக்கலாமா என்று கேட்டார்கள். அடுப்புக்கரியும் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் கொட்டாங்குச்சியிலிருந்து செய்கிற ஆக்டிவேட்டட் கார்பன்தான் சரி. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கிற நுண்துளைகளின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல். அரை கிலோ வாங்கி இரண்டு துணிப் பையில் கட்டி முன்சீட்டுகளுக்கு அடியில் வையுங்கள். கரி துடைக்கிற வேலையைச் செய்யாது, துடைத்த பிறகு மிஞ்சுவதைப் பிடிக்கும்.

ஜூன் 19, 2024

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில்தான் கூட்டி வந்தாராம், வண்டியில் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றார். சரிதான். நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 18, 2024

15ஆம் தேதி மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். வேளச்சேரிப் பக்கம் பாலத்தின் மேல் வண்டிகளை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், நாங்கள் இங்கே கொஞ்சம் மேடாக இருக்கிற இடத்தில் விட்டோம். மூன்று நாள் மூடியே கிடந்தது. இன்றைக்குத் திறந்தேன், லேசாக அந்த வாசனை. இரண்டு வருடம் கழித்து!

அதனால் மார்ச் மாதம் நான் எழுதிய "இரண்டு வார இறுதி போதும்" என்பதைத் திருத்துகிறேன். போதாது. எண்பது சதவீதம் என்று ஒரு கணக்குச் சொன்னேனே, அதுவும் வாயில் வந்த கணக்கு, எதை வைத்து அளந்தேன்? வெயில் காலத்தில் போய்விட்டது மாதிரி இருந்தாலும், ஈரக்காற்று பட்டால் பஞ்சிலும் துணியிலும் மிஞ்சியிருப்பது கிளம்பி வருகிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் உண்மையான பரீட்சை. ஒரு வருடம் முழுக்க ஓடினால்தான் வண்டி சுத்தமா இல்லையா என்று தெரியும்.

தம்பிக்குப் போன் செய்தேன். அவர் வண்டியில் வரவில்லையாம். ரூஃபை ஜூலையில் இன்னும் இரண்டு முறை ஒற்றி எடுத்ததாகச் சொன்னார், நான் சொல்லாமலேயே. என் வண்டியில் ரூஃப் துணி புதியது, அதனால் மிஞ்சியிருப்பது பின்சீட் பஞ்சில்தான் இருக்க வேண்டும். மழை விட்டதும் அதைக் கழற்றப்போகிறேன்.

ஜனவரி 13, 2025

போகி. விடியற்காலை ஐந்து மணிக்கே கண் எரிச்சல். டயர் எரிக்காதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறார்கள், எங்கள் பக்கம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் பழைய பாயும் துணியும் எரிந்த புகையே தெருவை மூடிவிட்டது. எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை.

பத்து மணிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தார், அவர் காரில். மூன்று பேரும். குழந்தை பின்சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்து, ஓட்டுநர் சீட் பெல்ட்டின் நாடாவைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அதைப் பார்த்தோம். யாரும் பிடுங்கவில்லை.

கிளம்பும் முன் வெள்ளைத் துணி ஒன்று கேட்டார். வெந்நீரில் நனைத்து, முன் கண்ணாடியின் உள்பக்கத்தை, ஸ்டீயரிங்குக்கு நேராக ஒரு கை அகலத்துக்குத் துடைத்துக் காட்டினார். துணியில் சாம்பல் கலந்த கறுப்பு, இன்றைய காலைப் புகை. மஞ்சள் இல்லை.